தண்ணீர்த் தாங்கியும் போர்த் தாங்கியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சுதந்திர தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் வீட்டிலும் வகுப்பிலும் கேட்ட கேள்விகளைப் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சில பிள்ளைகள் தாங்களே எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் பெரும்பாலானவை டாங்கியைப் பற்றியவை என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதன் தொடக்க வரலாற்றுக்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் டாங்கி என்கிறோம்; போரில் ஓடும் இரும்பு வண்டியையும் டாங்கி என்கிறோம். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா?
— தரம் 10 மாணவி, ராகலை

இருக்கிறது. ஓர் இரகசியத்தை மறைப்பதற்காக வேண்டுமென்றே ஏற்படுத்தப்பட்ட தொடர்பு அது.

முதல் உலகப் போரின்போது பிரித்தானியாவில் இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் அதற்கு முதலில் வைத்திருந்த பெயர் 'தரைக்கப்பல்' என்ற பொருளைத் தருவது. அந்தப் பெயரைக் கேட்ட எவரும் அது என்ன வேலை செய்யும் என்பதை ஊகித்துவிடலாம். ஆகவே 1915 டிசெம்பரில், எதிரியின் காதில் விழுந்தாலும் பொருள் விளங்காத ஒரு பெயரைத் தேடினார்கள். சக்கரமோ பீரங்கியோ பூட்டப்படாத நிலையில் அந்த இரும்புக் கூடு பெரியதொரு தண்ணீர்த் தொட்டியைப் போலவே தோற்றமளித்தது. மெசப்பொத்தேமியாவின் வறண்ட போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று தொழிற்சாலையில் ஒரு கதை பரப்பப்பட்டது. ரஷ்யாவுக்கு அனுப்பப்படும் பொருள் என்று பிறர் நம்பும்படி, 'பெட்ரோகிராட்டுக்கு, கவனமாகக் கையாளவும்' என்ற வாசகத்தை ரஷ்ய எழுத்துகளில் வண்டிகளின் பக்கவாட்டில் எழுதியும் வைத்தார்கள். போர்க்களத்தில் வண்டியை உலகமே பார்த்துவிட்ட பிறகு இரகசியத்துக்குத் தேவை இல்லாமற் போயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மகளே, இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 'டாங்க்' என்ற அந்த ஆங்கிலச் சொல் நம் பக்கத்திலிருந்து போனது. மேற்கிந்தியாவில் குஜராத்தி முதலிய மொழிகளில் நீர்நிலைக்கு வழங்கிய சொல்லும், அதனோடு ஒத்து ஒலிக்கும் போர்த்துக்கேயச் சொல்லும் சேர்ந்தே ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை நிலைநிறுத்தின என்று சொல்லாய்வாளர் கருதுகின்றனர். தமிழகத்திலும் இலங்கையிலும் இருந்த ஆங்கிலேயர் நம்முடைய ஏரிகளையும் குளங்களையும் அந்தச் சொல்லாலேயே எழுதினார்கள். வன்னியின் குளங்களும் அநுராதபுரத்தின் வாவிகளும் இன்றும் ஆங்கில வரைபடங்களில் அப்படித்தான் இருக்கின்றன. அது நம் மொழிக்குத் திரும்பி வந்தபோது 'தாங்கு' என்ற நம்முடைய வினையோடு இயல்பாகவே பொருந்தி, 'தாங்கி' என்றும் ஆகிவிட்டது.

மண்சரிவுக்குப் பின்னர் பாதை திருத்த வரும் சங்கிலி பூட்டிய பெக்கோ இயந்திரம், லொறி புதைகிற இடத்திலும் புதையாமல் போகிறது. டாங்கியின் சங்கிலியும் அதே வகைதானா? அதை முதலில் செய்தவர் யார்?
— தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரப் பகுதியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், தலவாக்கலை

அதே வகைதான், ஐயா. இயந்திரங்களோடு வாழ்ந்தவர் நீங்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சக்கரம் தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது. வண்டியின் பாரம் முழுவதும் அந்தச் சில இடங்களில் குவிவதால் ஈரமண் விலகி, சக்கரம் உள்ளே இறங்குகிறது. சங்கிலித் தடமோ நீண்ட, அகன்ற பட்டையாகத் தரையில் படிவதால், பாரம் குறையாவிட்டாலும் பரவிவிடுகிறது. வண்டி தனக்கு வேண்டிய பாதையைத் தானே முன்னால் விரித்து, பின்னால் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறது என்று சொன்னால் பொருந்தும்.

இதைக் கண்டுபிடிக்கத் தூண்டியது போரல்ல, உழவு. கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரைச் சுற்றியுள்ள ஆற்றுப் படுகை நிலம் பஞ்சு போன்றது. அங்கே நீராவி உழவு இயந்திரங்கள் புதைந்துகொண்டே இருந்தன. பெஞ்சமின் ஹோல்ட் என்ற உற்பத்தியாளர், சக்கரத்தை அகலமாக்கினால் புதையாது என்று எண்ணி அகலமாக்கிக்கொண்டே போனார். ஒரு வண்டி ஏறத்தாழ 14 மீற்றர் அகலத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் அந்த வழியில் போக முடியாதென்று கண்ட பிறகே, 1904 நவம்பரில், சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சங்கிலித் தடத்தைப் பூட்டிப் பார்த்தார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் கிரந்தம் நகரில் ஹோர்ன்ஸ்பி நிறுவனத்தின் பொறியியலாளர் டேவிட் ரொபர்ட்ஸும் அவ்வாறான வண்டியொன்றை உருவாக்கினார். பிரித்தானிய இராணுவம் அதைப் பரிசோதித்துப் பார்த்தது. ஆனால் பீரங்கி இழுப்பதற்கு அப்பால் அதைப் பயன்படுத்த இராணுவம் முன்வரவில்லை.

1914 இன் இறுதியில் நிலைமை மாறியது. மேற்குப் போர்முனையில் இரு தரப்பினரும் அகழி வெட்டி, முள்வேலி கட்டி, இயந்திரத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு நேருக்கு நேர் உட்கார்ந்துவிட்டார்கள். துப்பாக்கி ரவையைத் தாங்கும் தகடு போர்த்தி, முள்வேலியை நசுக்கி, அகழியைக் கடந்துபோகும் வண்டி ஒன்று வேண்டியிருந்தது. உழவு இயந்திரத்துக்குத் தகடு போர்த்தினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது போதவில்லை. காரணத்தை நம் தேயிலை மலையில் வைத்தே காட்டலாம். மலையில் வெட்டப்பட்ட கானை, அதாவது வடிகாலை, கடக்கும் ஒருவர், முன்காலை அக்கரையில் ஊன்றிய பிறகே பின்காலை எடுக்கிறார். கான் அவருடைய கால் எட்டும் தூரத்தைவிட அகலமாக இருந்தால் உள்ளே இறங்கித்தான் ஏற வேண்டும். குட்டையான உழவு இயந்திரம் அகழிக்குள் மூக்குக் குத்தி விழுந்தது இதனால்தான்.

லிங்கன் நகரில் கதிரடிக்கும் இயந்திரங்கள் செய்துவந்த வில்லியம் ஃபொஸ்டர் நிறுவனத்தின் தலைவர் வில்லியம் ட்ரிட்டனும், கடற்படையைச் சேர்ந்த பொறியியலாளர் வோல்டர் வில்சனும் நகரின் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். சிக்காகோவிலிருந்து தருவித்த சங்கிலிகள் வண்டி அகழிக்கு மேல் போகும்போது தொய்ந்து கழன்று விழுந்தன. 1915 செப்டெம்பரில் ட்ரிட்டன் அழுத்திச் செய்த எஃகுத் தகடுகளைக் கோத்து, உட்பக்கத்தில் சட்டத்தைப் பற்றிக்கொள்ளும் புதிய சங்கிலியொன்றை அமைத்தார், அது தொய்யவில்லை. என் எண்ணத்தில் டாங்கி பிறந்த நாள் அதுதான். வில்சனின் பங்கு வடிவத்தில் இருந்தது. சங்கிலியை வண்டியின் முழு உடலையும் சுற்றி, முன்பக்கம் உயர்ந்த சாய்சதுரமாக ஓடவிட்டார். தரையில் படியும் அதன் கீழ்வளைவு, ஏறத்தாழ 18 மீற்றர் விட்டமுள்ள ஒரு சக்கரத்தின் வளைவுக்கு ஒப்பானது. அவ்வளவு பெரிய சக்கரத்தைப் போர்முனைக்குக் கொண்டுபோக முடியாது; ஆனால் அதன் அடிப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2.4 மீற்றர் அகலமான அகழியையும் சுமார் 1.4 மீற்றர் உயரமான மண் அணையையும் கடக்க வேண்டும் என்பது இராணுவம் வைத்த நிபந்தனை. 'மதர்' என்று பெயரிடப்பட்ட அந்த வண்டி, 1916 ஜனவரி இறுதியிலும் பெப்ரவரி தொடக்கத்திலும் ஹட்ஃபீல்ட் என்னுமிடத்தில் நடந்த பரிசோதனையில் அந்த நிபந்தனையை நிறைவேற்றியது.

போட்டிப் பரீட்சை வழிகாட்டி ஒன்றில் 'டாங்கியைக் கண்டுபிடித்தவர் வின்ஸ்டன் சர்ச்சில்' என்று அச்சாகியிருக்கிறது. மாணவர்களுக்கு நான் அப்படியே கற்பிக்கலாமா?
— வரலாற்று ஆசிரியை, ஹப்புத்தளை

வேண்டாம், ஆசிரியை. அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், 1915 பெப்ரவரியில் இதற்கென ஒரு குழுவை அமைத்துப் பணமும் ஒதுக்கினார். தரைப்படை தயங்கிய வேளையில் கடற்படையின் பணத்தைத் தரையில் ஓடும் வண்டிக்குச் செலவிடத் துணிந்தது சிறிய செயலல்ல. ஆனால் அவர் ஆதரித்தவரேயன்றிக் கண்டுபிடித்தவர் அல்லர். சங்கிலி வண்டியைப் போருக்குப் பயன்படுத்தலாம் என்று 1914 ஒக்டோபரிலேயே வலியுறுத்தியவர் ஏர்னஸ்ட் ஸ்விண்டன் என்ற இராணுவ அதிகாரி. போருக்குப் பின்னர் 1919 இல் இந்த உரிமையை விசாரித்த அரச ஆணைக்குழு, வடிவமைப்புக்கான பெரும் பரிசாகிய 15,000 பவுணை ட்ரிட்டனுக்கும் வில்சனுக்குமே வழங்கியது.

மாணவர்களுக்கு இன்னும் இருவரைப் பற்றியும் சொல்லுங்கள். ஒஸ்திரியாவின் குந்தர் பூர்ஸ்ட்டின் 1911 இலும், அவுஸ்திரேலியாவின் லான்ஸ்லொட் டி மோல் 1912 இலும் சங்கிலியில் ஓடும் கவச வண்டிக்கு வரைபடம் வரைந்து, முன்னவர் தம் நாட்டுப் படைத்துறைக்கும் பின்னவர் பிரித்தானியப் படைத்துறைக்கும் அனுப்பினார்கள். இருவருடைய திட்டங்களும் நிராகரிக்கப்பட்டன. டி மோலின் வடிவமைப்பு மிகச் சிறந்தது என்பதை அதே ஆணைக்குழு பின்னர் ஒப்புக்கொண்டு, அவருடைய செலவுக்கென 987 பவுண் கொடுத்தது. 'கண்டுபிடித்தவர் யார்' என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரைக் கோடிட்ட இடத்தில் நிரப்பச் சொல்வது, இவர்கள் எல்லாருக்கும் செய்யும் அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

டாங்கிக்குள் இருந்தால் பாதுகாப்புத்தானே? வெளியே ஓடும் சிப்பாய்க்குத்தானே ஆபத்து?
— தாயார் ஒருவர், பதுளை

உங்கள் மகன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது வகை டாங்கியின் எடை 28 தொன். அதற்குள் எட்டுப் பேர். நடுவில் 105 குதிரைவலு கொண்ட டைம்லர் இயந்திரம் தடுப்புச் சுவர் எதுவுமின்றி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதன் வெப்பத்தில் உள்ளே 50 பாகை செல்சியஸ் வரை சூடேறியது. தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் அடுப்புக்கு அருகில் நின்று வேலை செய்தவர்களுக்குச் சூட்டின் பாரம் தெரியும். ஆனால் அவர்கள் வெளியே வந்து மூச்சு வாங்கலாம், இவர்களால் முடியாது. இயந்திரத்தின் புகையிலிருந்த காபனோரொட்சைட்டால் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தவர்கள் பலர். ரவைகள் வெளித்தகட்டில் மோதும்போது உட்பக்கத்தில் உலோகச் சிதறல்கள் தெறித்து முகத்தைக் கிழித்தன. கண்ணைக் காக்கத் தோலாலும் இரும்பு வளையங்களாலும் செய்த முகமூடி அணிந்தார்கள். எரிபொருளும் வண்டியின் உள்ளேயே வைக்கப்பட்டிருந்தது.

அதை ஓட்டுவதற்கு நால்வர் வேண்டும். முன்னே சாரதியும் அதிகாரியும், பின்னே பற்சக்கரங்களை மாற்றும் இருவர். இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், சாரதி சுத்தியலால் இயந்திர உறையில் தட்டிக் கவனத்தை ஈர்த்து, கைவிரல்களாலும் முட்டியாலும் சைகை காட்டுவார். பின்னால் இருப்பவர் ஒரு பக்கத்துச் சங்கிலியின் பற்சக்கரத்தை விடுவிக்க, அதிகாரி அந்தப் பக்கத்து தடையைப் பிடிக்க, வண்டி மெல்லத் திரும்பும். இவ்வளவு பாடுபட்டும் கிடைத்த வேகம் மணிக்கு 6 கிலோமீற்றர். தோட்டத்துப் பாதையில் நாம் அவசரமாக நடந்துபோகும் வேகம் அது. தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பப் புறாக்களையும் உள்ளே வைத்திருந்தார்கள்.

டாங்கி வந்தவுடன் போரின் போக்கு மாறிவிட்டதா?
— வாசகர், மஸ்கெலியா

உடனே மாறவில்லை. 1916 செப்டெம்பர் 15 ஆம் நாள், பிரான்ஸின் சொம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முறையாக இறக்கப்பட்டன. ஒதுக்கப்பட்ட 49 இல் 32 மட்டுமே புறப்படும் கோட்டுக்கு வந்து சேர்ந்தன; ஏனையவை பழுதாகியோ புதைந்தோ போயின. அவற்றில் ஒன்று, காலாட்படையினர் பின்தொடர, ஃப்லேர்ஸ் என்ற கிராமத்தின் பிரதான வீதியில் சென்றது பெரிய செய்தியாயிற்று. பெறுபேறு சிறியதாக இருந்தும், பிரித்தானியத் தளபதி ஹேக் மேலும் 1,000 வண்டிகள் கேட்டார். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் சேற்றில் அவற்றை இறக்கியபோது சேறு அவற்றை விழுங்கியது.

சரியான தரையில், சரியான முறையில் பயன்படுத்தப்பட்டது 1917 நவம்பர் 20 இல், கம்ப்ரே என்ற இடத்தில். உலர்ந்த நிலம், பீரங்கித் தாக்குதலால் முன்கூட்டியே உழப்படாத நிலம், 476 டாங்கிகள். அங்கிருந்த ஜேர்மன் அகழிகள் டாங்கியால் தாண்ட முடியாத அகலத்துக்கு வெட்டப்பட்டிருந்தன. அதற்குக் கண்ட வழி நம் மக்களுக்கு மிகவும் பழக்கமானது. அடைமழைக் காலத்தில் கொழுந்து லொறி வளைவில் புதைந்தால், கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளாகிய மிலாறைக் கட்டாகக் கொண்டுவந்து சக்கரத்தின் கீழ் போடுவதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மிலாறு மண்ணுக்குள் அமிழும் ஓசையும், திடீரென்று சக்கரம் பிடித்து லொறி முன்னே தாவுவதும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அங்கேயும் அதைத்தான் செய்தார்கள். ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எடையுள்ள சுள்ளிக் கட்டொன்றைச் சங்கிலியால் இறுக்கி டாங்கியின் தலையில் ஏற்றி, அகழியின் விளிம்பில் உருட்டிவிட்டு, அதன் மேல் ஏறிக் கடந்தார்கள்.

அந்தக் கட்டுகளைக் கட்டியவர்கள் சீனத் தொழிலாளர். பிரித்தானியப் படைக்காக மட்டும் 90,000 க்கு மேற்பட்ட சீனர்கள் ஒப்பந்தத்தில் பிரான்ஸுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் டாங்கிப் பட்டறையில் இரவு பகலாக இந்த வேலையைச் செய்தார்கள். கடல் கடந்து கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம், கம்ப்ரேயைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது.

அன்று சில இடங்களில் படைகள் 8 கிலோமீற்றர் வரை முன்னேறின. இங்கிலாந்தில் தேவாலய மணிகள் ஒலித்தன. ஆனால் அந்த ஒரே நாளில் 179 டாங்கிகள் செயலிழந்தன. அவற்றில் பெரும்பகுதி எதிரியின் குண்டால் அல்ல, பழுதாலும் பள்ளத்தில் விழுந்ததாலும். பத்து நாட்களில் ஜேர்மனியர் பதிலடி கொடுத்து, இழந்த நிலத்தில் பெரும்பங்கை மீட்டுக்கொண்டார்கள். 1918 ஓகஸ்ட் 8 இல் அமியன் நகருக்கு அருகில் 500 க்கு மேற்பட்ட டாங்கிகள், விமானங்களோடும் பீரங்கிகளோடும் காலாட்படையோடும் ஒருங்கிணைந்து முன்னேறியபோதே அவற்றின் முழுப் பயன் வெளிப்பட்டது.

ஜேர்மனியிடம் டாங்கி இருக்கவில்லையா?
— மாணவர், கொட்டகலை

இருந்தது, ஆனால் மிகக் குறைவு. ஏ7வி என்ற அவர்களுடைய வண்டியில் 20 மட்டுமே செய்யப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 18 பேர் ஏறினார்கள். எஃகும் தொழிலாளரும் வேறு தேவைகளுக்கே போதாமல் இருந்ததால், கைப்பற்றிய பிரித்தானிய டாங்கிகளையே அவர்கள் அதிகம் பயன்படுத்தினார்கள். டாங்கியும் டாங்கியும் முதன்முறையாக மோதியது 1918 ஏப்ரல் 24 இல், வில்லேர்-பிரெத்தோனே என்ற ஊரருகில்.

இங்கிருந்து முதல் உலகப் போருக்குப் போன தோட்டத் துரைமார் டாங்கிகளோடு போனார்களா?
— வாசகர், கண்டி

இல்லை. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படையிலிருந்து ஒரு பிரிவு 1914 ஒக்டோபரில் கப்பலேறி எகிப்துக்குச் சென்று, 1915 இல் கலிபோலிப் போரில் பங்குபற்றியது. அவர்கள் புறப்பட்டபோது உலகில் எங்கும் டாங்கி இருக்கவில்லை.

இன்றைய டாங்கியின் மேலே சுழலும் பீரங்கிக் கோபுரம் எப்போது வந்தது?
— வாகனப் பழுதுபார்ப்பவர், பண்டாரவளை

அது பிரான்ஸின் கொடை. எத்தியேன் என்ற பீரங்கிப் படைத் தளபதி அந்நாட்டில் டாங்கிக்காக உழைத்தவர். 1917 ஏப்ரல் 16 இல் அவர்களுடைய முதலாவது வண்டிகள், ஏறத்தாழ 130, களத்தில் இறங்கின; பாதிக்கு மேல் இழக்கப்பட்டன. பல எரிபொருள் பற்றி எரிந்தன. பெரிய, பாரமான வண்டிகளுக்குப் பதிலாகச் சிறியவற்றைத் திரளாக இறக்க வேண்டும் என்ற எத்தியேனின் எண்ணத்துக்கு லூயி ரெனோவின் மோட்டார் தொழிற்சாலை உருவம் கொடுத்தது. 'எஃப்டி' என்ற அந்த வண்டி ஏறத்தாழ ஆறரைத் தொன் எடையுள்ளது, இரண்டே பேர். சாரதி முன்னால், இயந்திரம் பின்னால் தனியறையில், நடுவில் முழுவட்டமும் சுழலும் கோபுரம். பழுதுபார்ப்பவராகிய உங்களுக்கு இந்த ஒழுங்கின் அருமை எளிதில் விளங்கும்: ஆள் இருக்கும் இடத்தையும் இயந்திரம் இருக்கும் இடத்தையும் பிரித்ததாலேயே வெப்பமும் புகையும் ஆளை விட்டு விலகின. 1918 மே 31 இல் களமிறங்கிய அது 3,000 க்கு மேல் செய்யப்பட்டது. அணிவகுப்பில் நீங்கள் பார்த்த டாங்கிக்கும் அமைப்பு அதுவே.

அந்தக் காலத்து வண்டிகளில் ஏதாவது இன்றும் இருக்கிறதா?
— பாடசாலை நூலகர், பூண்டுலோயா

'மதர்' இல்லை, இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்பாகப் போய்விட்டது. அதற்கு முன்னோடியாகச் செய்யப்பட்ட 'லிட்டில் வில்லி' இங்கிலாந்தின் பொவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜேர்மனியின் 20 வண்டிகளில் எஞ்சிய ஒன்று அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருக்கிறது.

இன்னொன்று கம்ப்ரேக்கு அருகில், ஃப்லெஸ்கியர் என்ற கிராமத்தில் 1998 இல் மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. அதன் பெயர் 'டெபோரா'. 1917 நவம்பர் 20 இல் குண்டு பாய்ந்து அதனுள் இருந்த ஐவர் இறந்தார்கள். முன்பக்கம் கிழிந்து திறந்த அந்த இரும்புக் கூடு, அதே ஊரில் அந்த ஐவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மயானத்தின் அருகே கட்டப்பட்ட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.